தனுஜா அனுப்பிய ஒன்பது படங்கள்

பூண்டுலோயாவுக்கு மேலே, வட்டகொடைப் பக்கம் ஏறிப் போகும் பாதையோரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல் டிவிசனில் பன்னிரண்டு காம்பராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள், ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய லயம் ஒன்று இருக்கிறது. அந்த லயத்தில் யாருடைய போன் மக்கர் பண்ணினாலும் கடைசிக் காம்பராவுக்குத்தான் கொண்டு போவார்கள். அங்கேதான் தனுஜா இருக்கிறாள்.

வயது இருபத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். சாயங்காலம் வந்து நான்கு வயதுப் பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள். குழந்தை அவளை அத்தை என்று கூப்பிடும். அந்தக் குழந்தையின் தாயைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், தனுஜா எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். அடுப்படியில் அவளுக்கு எந்த வேலையும் இருக்காது. சுவரைப் பார்த்தபடி நிற்பாள்.

அவளுடைய கதையை இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டுத் தீபாவளியிலிருந்து சொல்ல வேண்டும்.

அப்போது அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். கொரோனாவினால் கடையை மூடிவிட்டார்கள். பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தாள். தாய் தகப்பன் இல்லாத வீடு. அண்ணன் விஜிதரன் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்காரன். அவன் மனைவி நிஷாந்தி கொழுந்து பறிப்பவள், கட்டிக்கொண்டு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அண்ணிக்கு ஒரு மஞ்சள் சேலையும் அண்ணனுக்கு ஒரு சட்டையும் கொண்டு வந்திருந்தாள். தனக்கென்று ஒரு பெரிய போன். விரலால் தடவினால் திறக்கும் போன் அந்த லயத்துக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். நான்காம் நாள் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். ஐந்தாம் நாள் அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். லயத்து வாசலில் குறுக்கே கயிறு கட்டி, சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் பதினான்கு நாள் வெளியே கால் வைக்கக் கூடாது. வேலை இல்லை. கடைக்குப் போக முடியாது. பிள்ளைகளுக்குப் பால்மா இல்லை.

மூன்றாம் காம்பரா நாகலெட்சுமிக்கு வாய் கொஞ்சம் நீளம். வாசலில் நின்று லயமே கேட்கும்படி கத்தினாள்.

"சேல கொண்டாந்தாளாம் சேல! மடிப்புக்குள்ள நோயையும் சேத்துச் சுருட்டிக் கொண்டாந்துட்டா மகராசி. எங்க எல்லாரு வயித்துலயும் மண்ணப் போட்டுட்டா!"

நிஷாந்தி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். யாரையும் எதிர்த்துப் பேசாத பெண்.

"அக்கா, திட்டணும்னா என்னயத் திட்டுங்க. அங்க ஆசுபத்திரியில தனியாக் கெடக்குற புள்ளைய ஒன்னும் சொல்லாதீங்க."

தனுஜா குணமாகி வந்த பிறகும் அந்தக் கசப்பு தீரவில்லை. நிஷாந்தி மலையிலிருந்து விழும் பீலியில் தண்ணி பிடிக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். மலையில் அவளுடைய தேயிலை நிரையில் பக்கத்தில் நின்று பறிக்க யாரும் வரவில்லை. ஒரு மாதம் முழுக்க அவள் தனியாகவே பறித்தாள். வீட்டுக்கு வந்தால் நாத்தனாரிடம் ஒரு முகச்சுளிப்புக்கூட இல்லை. "நீ வெரசாச் சாப்பிடு, ஒடம்பு தேறட்டும்" என்று தன் பங்கு ரொட்டியையும் அவள் தட்டில் வைப்பாள். பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருப்பாளா என்று தனுஜா நினைத்துக்கொள்வாள்.

அந்தக் கோபத்தையெல்லாம் கரைத்தது அந்தப் போன்தான்.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. டீச்சர் பாடத்தைப் போனில் அனுப்புகிறார் என்றதும் முதலில் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் தாய்மார் வந்தார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கூட்டம் கூடக் கூடாது என்பதால், நாளைக்கு எந்த மலையில் வேலை என்பதைக் கணக்கப்பிள்ளை போனில் பேசி அனுப்ப ஆரம்பித்தார். டவுனில் நஸீர் நானா கடைக்குச் சாமான் துண்டைப் படம் எடுத்து அனுப்பினால், தோட்டத்து லொறியில் மூட்டை வந்து இறங்கியது. போனைத் தொட்டாலே உடைந்துவிடும் என்று பயந்தவர்கள் சில மாதங்களிலேயே அதற்குள் குடியிருக்கத் தொடங்கினார்கள். எல்லாவற்றுக்கும் தனுஜாதான் வாத்தியார்.

ஒருநாள் நாகலெட்சுமியே வாசலில் வந்து நின்றாள். அவள் மகன் கட்டாரில் இருந்தான்.

"தனு புள்ள, நம்ம கிஷாந்துக்கு ஒரு பேச்சு அனுப்பணும்டி" என்றவள், மடியிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சீவ ஆரம்பித்தாள்.

"அக்கா, கொரல் மட்டுந்தான் போகும். மூஞ்சி போகாது."

"போகாட்டி என்னா? புள்ளகிட்டப் பேசப் போறேன். பரட்டத் தலையோடயா பேசுறது?"

நிஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று மூன்று பேரும் சேர்ந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு தை பிறந்து சில நாளில் நிஷாந்தி முழுகாமல் இருப்பது தெரிந்தது. விஜிதரனைக் கையில் பிடிக்க முடியவில்லை. தொழிற்சாலை விட்டு வந்தால் தூங்கவும் மறந்து அவளையே சுற்றிச் சுற்றி வந்தான்.

அந்தப் பக்கத்து ஆறு தோட்டங்களுக்கும் ஒரே மருத்துவிச்சி சர்மிளா. எல்லாரும் மிஸ்ஸி என்பார்கள். ஸ்கூட்டியில் பாதித் தூரம், நடந்து பாதித் தூரம் என்று வீடு வீடாக வருகிறவள். வைகாசியில் நோய் மறுபடி தலை தூக்கியது. தோட்டத்துக்குத் தோட்டம் பாதையை அடைத்தார்கள். கிளினிக் நின்றது. சர்மிளா சும்மா இருக்கவில்லை. தன் கர்ப்பிணிகள் எல்லாரையும் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாகச் சேர்த்தாள்.

"தெனமும் காலையில ஒங்க ரெண்டு காலையும் படம் எடுத்து எனக்குப் போடுங்க. வீக்கம் இருக்கான்னு நான் பாக்குறேன். தலவலி, கண்ணு மங்கல்னா அந்த நிமிசமே சொல்லணும்" என்று குரல் அனுப்பினாள்.

அந்த லயத்தில் கர்ப்பிணி நிஷாந்தி ஒருத்திதான். காலையில் வாசற்படியில் மாவுப் பை ஒன்றை விரித்து, அதன்மேல் பாதங்களை வைத்துக்கொண்டு உட்காருவாள். இரண்டாம் விரல்களில் வெள்ளி மெட்டி மின்னும். தனுஜா படம் எடுப்பாள்.

"ஏய் நாத்தனாரே, மூஞ்சிய ஒருநாளாவது எடேன்டி. ஒங்கண்ணன் என்னா காலப் பாத்தா என்னயக் கட்டுனாரு?"

"மிஸ்ஸி காலத்தான் கேட்டாங்க அண்ணி. மூஞ்சிய அனுப்புனா பயந்துக்கிட்டு வேலைய விட்டுருவாங்க."

படம் போன சற்று நேரத்தில் சர்மிளாவிடமிருந்து கட்டைவிரலை உயர்த்திய ஒரு சின்னம் வரும். நல்லது என்று அர்த்தம். இருவரும் அதைப் பார்த்த பிறகுதான் அந்த வீட்டில் நாள் தொடங்கும்.

ஆவணியில் நாடு முழுக்க மறுபடி பூட்டினார்கள். வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கீழ் லயத்து ஆள் ஒருவருக்கு நோய் என்று ஆம்புலன்ஸ் வந்தது. அவரை ஏற்றிக்கொண்டு போன கையோடு கயிற்றைக் கட்டினார்கள். மறுநாள் அந்த வீட்டாரைத் திட்டி அங்கே நடந்த சண்டைச் சத்தம் இவர்கள் வீடுவரை வந்தது. நிஷாந்தி காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு எட்டாம் மாதம்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அவளுடைய மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. பாதம் இரண்டும் ஊறிப்போன ரொட்டி மாதிரி உப்பியிருந்தன. விரல் நுனி கறுத்துப் போயிருந்தது.

"அண்ணி, இதக் கழட்டணும். விரலு செத்துரும்."

"அய்யோ, புருசன் இருக்கையில மெட்டியக் கழட்டுறதாடி?"

வேறு வழியில்லை. சவர்க்காரம் பூசி, நூல் சுற்றி, மெல்ல மெல்ல இழுத்து எடுத்தார்கள். வெள்ளி கையில் வந்தபோது நிஷாந்தி தேம்பித் தேம்பி அழுதாள். வலியா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

தனுஜா போனை எடுத்தாள். நிஷாந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்பாத தனு."

"என்னாண்ணி சொல்றீங்க?"

"இதப் பாத்தா மிஸ்ஸி ஆம்புலன்ச அனுப்பிருவாங்க. ஆம்புலன்சு வந்தா லயத்தப் பூட்டுவாங்க. மறுபடியும் நம்ம வீட்டாலயா? பன்னெண்டு வீட்டு வயிறும் எரியும் தனு. அந்தச் சாபம் என் புள்ள மேல விழணுமா?"

"கால் வீக்கத்துக்கு யாரும் லயத்தப் பூட்ட மாட்டாங்க அண்ணி."

"ஆசுபத்திரிக்குப் போனா மொதல்ல கொரோனா டெஸ்ட்டுதான் எடுப்பாங்க. கீழ் லயத்து ஆளு வயித்துவலின்னுதானே போனாரு? தலப்புள்ளைக்கு காலு நீர் போடுறது எல்லாருக்கும் இருக்கறதுதான். ரெண்டு நாள்ல வத்திரும். ஒன் காலு என் காலு மாதிரித்தானே இருக்கு? இந்த மெட்டியப் போட்டு ஒன் காலப் படம் எடுத்து அனுப்பிரு."

தனுஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் ஆகாத பெண் மெட்டி போடுவது ஆகாது. அதுவும் அண்ணியின் மெட்டியை! ஆனால் எதிரே உட்கார்ந்து கெஞ்சுகிறவள் யார்? தனக்காக ஊர்ச் சாபத்தையெல்லாம் தலையில் வாங்கியவள். தன்னால்தானே இவள் ஒரு மாதம் தனி நிரையில் நின்றாள்? தன்னால்தானே இந்தப் பயமே வந்தது?

மெட்டி அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. அடியில் வெள்ளை நூலைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். மாவுப் பையின்மேல் தன் பாதங்களை வைத்தாள். நிஷாந்திக்குப் படம் எடுக்கத் தெரியாததால் தானே குனிந்து எடுத்தாள். அனுப்பினாள்.

உயர்த்திய கட்டைவிரல் வந்தது.

இரண்டு நாள் என்றது மூன்று நாளாயிற்று. மூன்று ஐந்தாயிற்று. நிஷாந்தி குளிருக்கு என்று சொல்லிப் பாதம் மறையக் காலுறை மேஸ் போட்டுக்கொண்டாள். ஆனால் கட்டியவன் கண்ணுக்குத் தப்புமா? விஜிதரன் ஒவ்வொரு காலையும் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் தங்கையைத்தான் கேட்பான்.

"காலு ரொம்ப வீங்கியிருக்கே தங்கச்சி. மிஸ்ஸிக்குப் போட்டோ அனுப்புனியா?"

"அனுப்பிட்டேண்ணே."

"என்னா சொன்னாங்க?"

"நல்லதுன்னு சொன்னாங்கண்ணே."

அவன் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்வான். அந்த நிம்மதியைப் பார்க்க முடியாமல் தனுஜா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

எட்டாம் நாள் நிஷாந்தி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கண்ணுக்குள்ள மின்மினிப் பூச்சி பறக்குற மாதிரி இருக்குடி" என்றாள். தனுஜா சர்மிளாவின் எண்ணை எடுத்துவிட்டாள். அழைக்க விரலை வைக்கப் போனாள்.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

"அண்ணி, எனக்குப் பயமா இருக்கு அண்ணி."

"திங்கக்கெழம பாத பூட்டுனது தொறக்குதாம். நானே நடந்து கிளினிக்குப் போறேன். இன்னும் மூணே நாளு."

போன் கையிலிருந்து தாழ்ந்தது.

ஒன்பதாம் நாள் காலை ஒன்பதாவது படமும் போயிற்று. பதில் வந்து பத்து நிமிடம் இருக்காது. வாசலில் குடம் உருளும் சத்தம் கேட்டது. தனுஜா ஓடி வந்து பார்த்தாள். நிஷாந்தி தரையில் கிடந்தாள். கண்கள் மேலே செருகி, பற்கள் கிட்டி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"அண்ணீ!"

முதலில் ஓடி வந்தது நாகலெட்சுமி. அவள்தான் தலையை மடியில் தாங்கினாள். அவள்தான் தனுஜாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மிஸ்ஸியக் கூப்பிடுடி! ஆம்புலன்சக் கூப்பிடு! நின்னு பாத்துக்கிட்டிருக்கியே!"

போனின் மறுமுனையில் சர்மிளா பதறினாள். "வலிப்பா? இப்பத்தானே காலப் பாத்தேன்? வீக்கமே இல்லையே தனுஜா?" "ஆம்புலன்ச அனுப்புங்க மிஸ்ஸி!" என்று மட்டும் தனுஜா கத்தினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி எடுத்ததில் பெண் குழந்தை உயிரோடு பிறந்தது. நிஷாந்திக்கு மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் அடங்கிவிட்டாள். பெற்ற பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

கொரோனா பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. லயத்தை யாரும் பூட்டவில்லை. எந்தக் கயிற்றுக்குப் பயந்து அவள் உயிரை விட்டாளோ, அந்தக் கயிறு வரவே இல்லை.

உடல் வீட்டுக்கு வந்தது. ஊரடங்கினால் சொந்தக்காரர்கள் எவரும் வர வழியில்லை. வலப்பனையில் இருந்த அவள் தகப்பன் போனில்தான் மகளைக் கடைசியாகப் பார்த்தார். நாகலெட்சுமியின் போனை இன்னொருத்தி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள்ளிருந்து ஒரு கிழவரின் ஓலம் வந்துகொண்டே இருந்தது. உள்ளே பெண்கள் நிஷாந்தியைக் குளிப்பாட்டி மஞ்சள் சேலையை உடுத்தினார்கள். அப்போது நாகலெட்சுமி கேட்டாள்.

"பூவும் பொட்டுமாப் போறவளுக்கு மெட்டி எங்கடி?"

தனுஜா குனிந்து பார்த்தாள். மெட்டி அவள் கால்களிலேயே இருந்தது. கடைசிப் படம் எடுத்த அந்தக் காலையிலிருந்து கழற்ற மறந்துபோயிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க அண்ணியின் மெட்டியோடுதான் நடந்திருக்கிறாள்! யாரும் காணாமல் மூலையில் உட்கார்ந்து கழற்றினாள். நூலைப் பிய்த்தாள். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்ததாக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இறந்தவளின் விரலில் அதைப் போடும்போது தனுஜா அந்தப் பாதங்களில் முகத்தைப் புதைத்துக் கதறினாள். நாத்தனார் பாசம் என்று ஊர் பேசியது.

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் விசாரணை உண்டு. இருபது நாள் கழித்து, தோட்டத்து மருந்து நிலையத்துக்கு ஒரு பெரிய டாக்டர் வந்தார். விஜிதரனும் தனுஜாவும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சர்மிளா நின்றாள். இருபது நாளாக அழுத முகம். டாக்டர் அவளுடைய போனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"மிஸ்ஸி, இந்தக் கால்ல வீக்கமே இல்ல. ஆனா ஆஸ்பத்திரியில பதிஞ்சது வேற. நீங்க சரியாப் பாக்கலையா? இல்ல, வீங்குன படம் வந்து அத அழிச்சிட்டீங்களா?"

"என் புள்ளைங்க மேல சத்தியமா நான் ஒன்னும் அழிக்கல சேர்" என்று சர்மிளா இரண்டு கைகளையும் கூப்பினாள்.

ஆறு தோட்டத்துக்கும் நடந்து தேய்ந்தவள். தனுஜாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"அது அண்ணி காலு இல்ல சேர். கடைசி ஒன்பது படமும் என் காலு."

சர்மிளா போனை வாங்கி, விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். மெட்டிக்கு அடியில் சுற்றியிருந்த வெள்ளை நூல் தெளிவாகத் தெரிந்தது. "ஒரே ஒரு தடவ நான் இப்படிப் பெருசாக்கிப் பாத்திருந்தா..." என்றவள் முடிக்காமல் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

தனுஜா எல்லாவற்றையும் சொன்னாள். கயிற்றுப் பயத்தையும், கெஞ்சலையும், சத்தியத்தையும். டாக்டர் கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்தார்.

விஜிதரன் கத்தவில்லை. கையை ஓங்கவில்லை. வெளியே வந்ததும் தங்கையின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"நான் தெனமும் ஒன்னயத்தானே கேட்டேன்."

அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை.

விஷயம் தெரிந்த அன்று நாகலெட்சுமி தன் வாசலில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். "பாவி மக, என் வாய்க்கா பயந்தா? நான் திட்டுறது அன்னைக்கோட போயிருமே, அது அவளுக்குத் தெரியாமப் போச்சே!" என்று புலம்பினாள். அன்றிலிருந்து அவள் யாரையும் உரக்கத் திட்டியதில்லை என்று லயத்தில் சொல்கிறார்கள்.

ஆண்டுகள் ஓடிவிட்டன. நோய் போய்விட்டது. அது கொண்டு வந்து விட்ட போன்கள் போகவில்லை. இன்று பன்னிரண்டு காம்பராவிலும் போன் இருக்கிறது. கிளினிக் நாள், வேலை மலை, பிள்ளைகளின் பாடம் எல்லாம் அதில்தான் வருகின்றன. சர்மிளாவின் குழு இன்றும் நடக்கிறது. ஒரே ஒரு மாற்றம். இப்போது படத்தை அவள் ஏற்பதில்லை. காலும் முகமும் சேர்ந்து தெரியும்படி வீடியோவில் வரச் சொல்கிறாள்.

குழந்தைக்கு லக்ஷிகா என்று பெயர். விஜிதரன் இப்போது கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் இருக்கிறான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மகளைப் பார்க்க வீடியோவில் வருவான். போனைப் பிடிப்பது தனுஜாதான். தன் முகம் தெரிந்தால் அண்ணன் தலையைத் திருப்பிக்கொள்வான் என்பதால், கையை நீட்டி, தான் ஓரமாக ஒதுங்கி, குழந்தை மட்டும் தெரியும்படி பிடிக்கப் பழகிவிட்டாள். நான்கு வருடமாக அண்ணனும் தங்கையும் தினமும் ஒரே அழைப்பில் இருக்கிறார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை.

போன வாரம் ஒருநாள், தனுஜா மா பிசைந்துகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. குழந்தை தானே எடுத்துவிட்டது. அப்பாவிடம் பாலர் பள்ளிக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த குழந்தை, திடீரென்று போனை அடுப்படிப் பக்கம் திருப்பியது.

"அப்பா, அத்தையப் பாரு! மூஞ்சியெல்லாம் மாவு!"

தனுஜாவுக்கு ஒதுங்க நேரமில்லை. கை இரண்டிலும் மாவு. திரையில் அண்ணன். தாடியில் பாதி நரைத்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவன் தலையைத் திருப்புவான் என்று காத்திருந்தாள். அவன் திருப்பவில்லை.

"சாப்டாச்சா?" என்றான்.

"நான் அப்பவே சாப்டேனே!" என்றது குழந்தை.

"ஒன்னயக் கேக்கலம்மா."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் நிம்மதியாக இருப்பான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை அசைத்தாள்.

"இல்லண்ணே. இன்னும் சாப்புடல."

விஜிதரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வாய் எதற்கோ திறந்தது. அதற்குள் திரை இருண்டுபோயிற்று. அவன்தான் துண்டித்தானா, மலையில் இறங்கிய பனியில் சிக்னல் போயிற்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாவு காயும்வரை அந்தப் போனையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.